தினசரி ஓட்டும் காரை ட்ராக்குக்கும் கொண்டுபோகிறீர்களா? கிளட்ச் மாற்றுவதற்கான முழு வழிகாட்டி

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய ட்ராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது செஷன். மூன்றாவது கியரில் வளைவை விட்டு வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் 4,000-லிருந்து 5,500-க்கு ஒரே தாவாகப் போனது. வண்டி மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வளைவுக்குள் அந்தக் கருகல் நெடி உள்ளே வந்துவிட்டது. இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தவேண்டிய கிளட்ச் வழுக்குகிறது.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். வாரத்தில் 6 நாள் காளப்பட்டியிலிருந்து காந்திபுரம் ஆபீஸுக்கு, மாதம் ஒரு முறை ஆழியாறு ஏறி வால்பாறைக்கு, வருஷத்துக்கு நாலைந்து ட்ராக் டே (சொந்த வண்டியைப் பந்தய ட்ராக்கில் ஓட்டும் நாள்). வழுக்கிய கிளட்ச்சுக்குப் பதிலாக நான் முதலில் வாங்கி மாட்டியது ஆறு பட்டன் (தனித்தனி உராய்வுத் துண்டு) வைத்த செராமிக் பிளேட், நடுவில் ஸ்பிரிங் இல்லாதது. ட்ராக்குக்குப் போகிற வண்டிக்கு அதுதான் சரி என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். நான்கு மாதம் வைத்திருந்தேன். தீபாவளிக் கூட்டத்தில் கிராஸ்கட் ரோட்டில் அடி அடியாக நகரும்போது ஒவ்வொரு முறையும் வண்டி முழுவதும் உதறியது. அம்மா அந்த வண்டியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வால்பாறை ஏற்றத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று புறப்பட மூன்று முறை இன்ஜின் அணைந்தது.

கணபதியில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கிளட்ச்சு தேயறது ட்ராக்குல இல்லீங் தம்பி, டவுனுக்குள்ளதானுங்க. டவுனைப் பார்த்து வாங்குங்க. ட்ராக்குக்கு என்ன கூட வேணுமோ, அதை மட்டும் மேல சேர்த்துக்குங்க."

அவர் சொன்னது சரிதானா என்று கணக்குப் போட்டும் ஓட்டியும் பார்த்தேன். சரிதான். வேலையை எந்த வரிசையில் செய்யவேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் உறுதி செய்யுங்கள்: கிளட்ச்தான் காரணமா?

அதிகாலையில் நீலம்பூர் பைபாஸ் மாதிரி காலியான, சமமான ரோட்டுக்குப் போங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம் அளவில் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. முள் மட்டும் ஓடினால் வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டில் மீதியிருக்கும் லைனிங்கும் (உராய்ந்து பிடிக்கும் மேல்பூச்சு) கருகும்.

வழுக்குகிறது என்றாலே பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கேபிளில் துளிகூட லூஸ் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால் கிளட்ச்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங், இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தில் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்கூட அப்போது வழுக்கும். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டிருந்தாலும் அப்படித்தான். சீலை விட்டுவிட்டுப் புது கிளட்ச் மாட்டினால் சில மாதத்தில் அதுவும் ஆயிலில் நனையும்.

சத்தத்தையும் பிரித்துக் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது கரகரவென்று வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படவேண்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் மல்லுக்கட்டினால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. அப்போது கேபிள், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க், ஹைட்ராலிக் என்றால் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்கள் என்று வெளியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். புறப்படும்போது உதறல் என்றால் இன்ஜின் மவுண்டையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கவேண்டும். கிழிந்த மவுண்டுக்காகக் கிளட்ச் மாற்றியவர்கள் உண்டு.

வண்டி எங்கே சூடாகிறது என்று எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. இதைத் தாண்டிப் போனதால்தான் நான் தவறினேன். ஒரு தாளில் உங்கள் மாதத்தை எழுதுங்கள்: நெரிசலில் எத்தனை மணி நேரம், மலை ஏற்றம் எத்தனை முறை, வண்டியில் எத்தனை பேர், ட்ராக்கில் எத்தனை செஷன், அதில் நின்ற இடத்திலிருந்து பந்தய வேகத்தில் புறப்படுவது எத்தனை தடவை.

கிளட்ச் தேய்வதும் சூடாவதும் அது வழுக்கும் நேரத்தில் மட்டும்தான். முழுதாகப் பிடித்த பிறகு நீங்கள் 60-ல் போனாலும் 140-ல் போனாலும் அதற்கு வேலை இல்லை. ஃபிளைவீலோடு ஒட்டிச் சுற்றுகிறது, அவ்வளவுதான். ஆகவே கேட்கவேண்டியது, எத்தனை முறை, எவ்வளவு வித்தியாசத்தில் வழுக்கவிடுகிறீர்கள் என்பது.

ஆர்பிஎம்மை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு பெடலை விட்டுப் புறப்படுகிறீர்கள் என்று வையுங்கள். வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் போகிறதோ, ஏறக்குறைய அதே அளவு கிளட்ச்சில் வெப்பமாகப் போகும். ஓட்டுநரோடு 1,000 கிலோ உள்ள சிறிய காரில், முதல் கியரில் 1,500 ஆர்பிஎம் என்பது மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர். அப்படி நிதானமாகப் புறப்பட்டால் கிளட்ச்சில் விழும் வெப்பம் கிட்டத்தட்ட 5,000 ஜூல். பந்தயப் புறப்பாடு மாதிரி 4,000 ஆர்பிஎம்மில் விட்டால் வேகம் சுமார் 30. வெப்பம் 35,000 ஜூல். ஆர்பிஎம் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே போக, வெப்பம் ஏழு மடங்கு ஆகிறது.

இப்போது மலையைப் பாருங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70. ஐந்து பேரோடு 1,300 கிலோ வண்டி, பத்துக்கு ஒன்று சரிவு, முன்னால் பஸ் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக் போடாமல் ஆஃப் கிளட்ச்சிலேயே (பெடலைப் பாதி விட்ட நிலையில்) வண்டியைப் பிடித்து நிறுத்துகிறீர்கள். முதல் கியரில் அதற்குக் கிளட்ச் வழியாக 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் (திருப்பு விசை) போகவேண்டும். இன்ஜின் 1,500-ல் சுற்றினால் கிளட்ச்சில் எரியும் சக்தி ஏறக்குறைய 4 கிலோவாட், அதாவது வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் இரண்டை ஒன்றாகப் போட்ட மாதிரி. அரை நிமிஷம் அப்படி நின்றால் மூன்று பந்தயப் புறப்பாட்டுக்கு மேலான வெப்பம். வண்டியோ ஓரடிகூட நகர்ந்திருக்காது.

ட்ராக்கில் லேப் போடும்போது இது எதுவும் நடப்பதில்லை. 2.1 கிலோமீட்டர் கரி ட்ராக்கில் வளைவுகள் நெருக்கமாக வருவதால் கியரை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருப்போம். ஆனால் வண்டி ஓட்டத்தில் இருப்பதால் ஒவ்வொரு மாற்றத்திலும் வழுக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அப்படியென்றால் என் கிளட்ச் ஏன் ட்ராக்கில் வழுக்கியது? டவுனிலும் மலையிலும் தேய்ந்து மெலிந்திருந்த பிளேட்டிடம் ட்ராக்தான் முதன்முதலாக முழு டார்க்கையும் விடாமல் கேட்டது. நோய் அங்கே வெளியில் தெரிந்தது. தொற்றியது காந்திபுரத்தில்.

(இந்த ட்ராக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2003-இல் திறந்தது. ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளை வடிவமைத்து, 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. லேத்தும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊரில் இப்படி ஒரு மனிதர் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை, பெருமைதான்.)

டார்க் கணக்கு

உங்கள் இன்ஜினின் உச்ச டார்க் எவ்வளவு என்று பாருங்கள். குதிரைச் சக்தி இங்கே உதவாது. கிளட்ச் தாங்கவேண்டியது டார்க்கைத்தான். என் ஸ்விஃப்ட்டுக்கு 113 நியூட்டன் மீட்டர்.

ஒரு கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பது நான்கு விஷயங்களின் பெருக்கல்: உராயும் முகங்களின் எண்ணிக்கை, லைனிங்கின் உராய்வு எண், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம். ஒற்றை பிளேட்டுக்கு முகங்கள் இரண்டு. கணக்குக்காக உராய்வு எண் 0.3, அழுத்தும் விசை 3,500 நியூட்டன், சராசரி ஆரம் 80 மில்லிமீட்டர் என்று வைத்தால் 168 நியூட்டன் மீட்டர் வருகிறது. 113 கேட்கிற இன்ஜினுக்கு இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

கம்பெனி ஏன் இவ்வளவு இடம் விடுகிறது? அதே கிளட்ச் நன்றாகச் சூடாகி உராய்வு எண் 0.2-க்கு இறங்கியதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். 112. இன்ஜின் கேட்பதற்கு ஒரு நியூட்டன் மீட்டர் குறைவு. வழுக்கத் தொடங்கும், வழுக்கினால் இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் இறங்கும். கிளட்ச் பத்து நிமிஷத்தில் செத்துப்போவது இந்தச் சுழலில் மாட்டித்தான்.

இன்ஜினைத் தொடாத வண்டி என்றால், நல்ல நிலையில் உள்ள கம்பெனி கிளட்ச்சே ட்ராக் டேக்குப் போதும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் மாற்றிக் கிடைக்கும் கூடுதல் டார்க்கும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். டர்போ வண்டியை ரீமேப் செய்தால், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றினால், கதை வேறு. 175 நியூட்டன் மீட்டர் கொடுத்த இன்ஜின் 220-க்குப் போனால் விட்டிருந்த இடைவெளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதுவும் டர்போவில் டார்க் கீழ் ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்து விழுவதால், ஐந்தாவது கியரில் ஓவர்டேக் பண்ணும்போது முதலில் வழுக்கும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: உங்கள் வண்டியின் இப்போதைய உண்மையான உச்ச டார்க்கைவிட 30 முதல் 50 சதவீதம் வரை அதிகம் தாங்கும் கிளட்ச். அதற்கு மேல் போகாதீர்கள். வழுக்கவேண்டிய நேரத்தில் வழுக்காத கிளட்ச், அந்த அதிர்ச்சியைக் கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் கடத்திவிடும். டிரைவ் ஷாஃப்ட்டைவிட கிளட்ச் பிளேட் மலிவு.

"ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3" என்று விற்பார்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு என்று அப்படி ஒன்று கிடையாது. ஒருவருடைய ஸ்டேஜ் 2 இன்னொருவருடைய ஸ்டேஜ் 1 ஆக இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், லைனிங் எது, அழுத்தும் விசை எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்கவேண்டாம்.

லைனிங்: இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம்

ஆர்கானிக் லைனிங்தான் கம்பெனி வண்டிகளில் வருவது. கண்ணாடி நார், பிசின், செம்புக் கம்பி மாதிரியான கலவை. மெதுவாகப் பிடிக்கும், ஆஃப் கிளட்ச்சைப் பொறுத்துக்கொள்ளும், ஃபிளைவீலை அரிக்காது. அதிகம் சூடானால் பிடி குறையும். கருகிப்போகும் அளவுக்குப் போகாமல் விட்டால் ஆறியதும் பெரும்பாலும் திரும்பி வரும்.

கெவ்லார் எனப்படும் அராமிட் நார் லைனிங் ரொம்ப நாள் உழைக்கும், பிடிப்பதும் மென்மை. ஆனால் பழக்கும் காலம் நீளமானது, ஒரு முறை மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கிப்போனால் பழைய நிலைக்கு வருவது கடினம். தீபாவளி சீசனில் கிராஸ்கட் ரோட்டில் தினம் நகரும் வண்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். காலை 7 மணிக்குக் காலி ரோட்டில் ஆபீஸ் போகிற ஆளுக்குச் சொல்வேன்.

செராமிக் என்று விற்பது உண்மையில் உலோகத் தூளோடு செராமிக்கைச் சேர்த்துச் சுட்ட பட்டன்கள். சூட்டைத் தாங்குவதில் இதை ஆர்கானிக்கால் நெருங்க முடியாது, உராய்வு எண்ணும் அதிகம். ஆனால் பிடிப்பது ஸ்விட்ச் போட்ட மாதிரி: ஒன்று விட்டிருக்கும், இல்லை பிடித்திருக்கும். நடுவில் ஆஃப் கிளட்ச் என்று ஒன்று இல்லவே இல்லை. மெதுவாக நகர முயன்றால் உதறும், ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் அரிக்கும். நின்ற இடத்திலிருந்து பந்தயம் போடுகிறவர்களுக்கும் டார்க்கை இரட்டிப்பாக்கிய வண்டிகளுக்கும் இது தேவை. எனக்குத் தேவையில்லை. நான்கு மாதம் அம்மாவை ஆட்டோவில் அனுப்பிய பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

ஒரு பக்கம் ஆர்கானிக், மறுபக்கம் செராமிக் என்று கலந்த பிளேட்டும் கிடைக்கிறது. ரீமேப் செய்த டர்போ வண்டியை டவுனிலும் ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு நடுவழி. சுட்ட இரும்பு, கார்பன் எல்லாம் முழு பந்தய வண்டிக்கானவை. தினசரி வண்டிக்கு நினைக்கவே வேண்டாம்.

என் முடிவு இது: தினமும் நெரிசலில் ஓடும் காருக்கு வட்டம் முழுவதும் லைனிங் உள்ள ஆர்கானிக் பிளேட். டார்க் அதிகம் தேவைப்பட்டால் லைனிங்கை மாற்றுவதற்கு முன் பிரஷர் பிளேட்டின் விசையைக் கூட்டுங்கள். அதிலும் பற்றவில்லை என்றால் மட்டும் லைனிங்கைத் தொடுங்கள்.

பிளேட்டின் நடுவும் அலைத்தகடும்

பிளேட்டின் நடுவில் நான்கோ ஆறோ சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கும். இன்ஜின் துடிப்பையும், கியரைக் கீழே இறக்கும்போது வரும் அடியையும் இவைதான் வாங்கிக்கொள்கின்றன. இவை இல்லாத பிளேட்டில் அந்த அடி நேராகக் கியர் பற்களுக்குப் போகும், நியூட்ரலில் கடகடவென்று சத்தம் வரும். தினசரி வண்டிக்கு ஸ்பிரிங் உள்ளதை மட்டுமே வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, இரண்டு லைனிங்குக்கும் நடுவே உள்ள அலை அலையான மெல்லிய எஃகுத் தகடு. பெடலை விடும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்குவதால்தான் கிளட்ச் மெதுவாகப் பிடிக்கிறது. பட்டன் பிளேட்டுகள் பலவற்றில் இது கிடையாது. பழைய பிளேட்டில் தேய்ந்த லைனிங்கை எடுத்துவிட்டுப் புதிதாக ரிவெட் அடிப்பது சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிகளுக்கு வழக்கம். லாரிக்கு அது நியாயமான வேலை. ட்ராக்குக்குப் போகும் காருக்கு வேண்டாம். சூட்டில் தளர்ந்த தகடும் ஸ்பிரிங்கும் பழையதாகவே இருக்கும், பிளேட்டோ 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்.

பிரஷர் பிளேட்டும் உங்கள் இடது காலும்

விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும். 20 சதவீதம் கூடினால் டிரைவிங்கில் தெரியும், ஆனால் பழகிவிடும். 60 சதவீதம் கூடினால் கருமத்தம்பட்டியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் முழங்கால் வலிக்கும். கனம் கால் வலியோடு முடிவதில்லை. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறது, அதைத் தாங்குவது மெல்லிய த்ரஸ்ட் வாஷர்கள். கேபிள், ஃபோர்க், பெடல் பிராக்கெட் எல்லாமே கம்பெனி விசைக்கு ஏற்பச் செய்தவை. வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டுவார்கள் என்றால் அவரையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஃபிளைவீல்

புதுப் பிளேட்டைப் பழைய ஃபிளைவீலில் அப்படியே மாட்டவேண்டாம். நீலப் புள்ளிகள், மயிரிழை வெடிப்புகள், விரலில் தட்டும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். மேலோட்டமான நீலம் ஃபேசிங் செய்தால், அதாவது மேற்பரப்பை மெல்லிசாகச் சீவி எடுத்தால், போய்விடும். ஆழமான வெடிப்பு என்றால் ஃபிளைவீலை மாற்றவேண்டும், இதில் சமரசம் வேண்டாம். சுற்றும்போது சிதறினால் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு வரும்.

கோயம்புத்தூரில் ஃபேசிங் செய்ய நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை. முடிந்தால் லேத்தில் கடைவதைவிட சர்ஃபேஸ் கிரைண்டிங் கேளுங்கள். சூட்டில் இறுகிப்போன இடங்களில் லேத்தின் டூல் தாவும், கிரைண்டிங் கல் தாவாது. ஃபிளைவீலில் படி இருந்தால், அதாவது பிளேட் உட்காரும் இடமும் பிரஷர் பிளேட் போல்ட் ஆகும் இடமும் வேறு வேறு உயரத்தில் இருந்தால், இரண்டையும் ஒரே அளவுக்கு எடுக்கவேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் அழுத்தும் விசை மாறிவிடும். பட்டறையில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எடை குறைந்த ஃபிளைவீல் போட்டால் இன்ஜின் சட்டென்று ஏறி இறங்கும், ட்ராக்கில் சந்தோஷம். ஆனால் புறப்படும்போது கைகொடுப்பது அந்த எடைதான். எடையைக் குறைத்தால் ஒவ்வொரு புறப்பாட்டிலும் அதிக ஆர்பிஎம் வைக்கவேண்டும், கிளட்ச் அதிகம் சூடாகும். மலை ஏறுகிற வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

டீசல், டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இரட்டை நிறை ஃபிளைவீல் வரும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங்கும் கிரீஸும் இருக்கும். கையால் திருப்பிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு லூஸ் என்று தெரியும். அளவு தாண்டியிருந்தால் ஃபேசிங் செய்து காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதற்குப் பதில் ஒற்றைத் துண்டு ஃபிளைவீல் மாட்டும் கிட் மலிவாகக் கிடைக்கும். ட்ராக் சூட்டுக்கு அது நல்லது என்பது உண்மை, ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும் என்பதும் உண்மை. டீசலில் அந்தச் சத்தத்தோடு தினமும் வாழமுடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

வாங்கும்போது

செட்டாக வாங்குங்கள்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வட்டமான ஸ்லேவ் சிலிண்டர் என்றால் அதையும் சேர்த்து. சில நூறு ரூபாய் ஆயில் சீலில் மிச்சம் பிடித்து, மறுபடி கியர்பாக்ஸ் இறக்கும் லேபர் கொடுப்பதில் பொருளில்லை. வேலியோ, லுக், சாக்ஸ், எக்ஸெடி எல்லாம் கம்பெனி தரத்தில் கிளட்ச் செய்கிறவர்கள். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரை உங்கள் வண்டியின் வருஷத்தோடும் இன்ஜினோடும் ஒப்பிட்டு, பில் போட்டு வாங்குங்கள். ஒரே மாடலில் வருஷம் மாறினால் பிளேட்டின் நடுத்துளையில் உள்ள ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கையே மாறும். போலி பெட்டிகள் நிறைய உலவுகின்றன. பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் விட்டத்தையும் பற்களையும் வைத்துப் பாருங்கள்.

வாரன்டியில் உள்ள வண்டி என்றால் கம்பெனி கிளட்ச்சைத் தவிர வேறு மாட்டும் முன் யோசியுங்கள். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தய அமைப்பு) அங்கீகரித்த பந்தயத்தில் கலந்துகொள்கிறவர்கள், தங்கள் பிரிவின் விதிகள் கிளட்ச் மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்று படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பழைய கிளட்ச்சைக் கழற்றியதும் உள்ளே கருப்புத் தூள் இருக்கும். கம்ப்ரஸர் காற்றால் ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள், மாஸ்க் போடச் சொல்லுங்கள். பட்டறைப் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நாமாவது சொல்லவேண்டும்.

புதுப் பிரஷர் பிளேட்டில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதையும் ஃபேசிங் செய்த ஃபிளைவீலையும் பிரேக் கிளீனரால் துடைக்கவேண்டும். பிளேட்டில் "ஃபிளைவீல் பக்கம்" என்று குறித்திருக்கும், திருப்பி மாட்டினால் ஸ்பிரிங் இடிக்கும். நடுவில் நிறுத்த அலைன்மென்ட் டூல் வேண்டும், கண்ணளவு போதாது. போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைக்கவேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் பிரஷர் பிளேட் வளைந்துவிடும். ஸ்ப்லைனில் கிரீஸ் தேய்த்தும் தேய்க்காத மாதிரி. அதிகம் வைத்தால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் விழும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை ஒரு நொடிகூட ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது; பிளேட்டின் நடு வளைந்தால் அப்புறம் கிளட்ச் சரியாகப் பிரியவே பிரியாது.

ஹைட்ராலிக் வண்டியில் பழைய ஃப்ளூயிடை முழுதாக எடுத்துவிட்டு, மேனுவல் சொல்லும் தரத்தில் புதிது ஊற்றிக் காற்றெடுக்கச் சொல்லுங்கள்.

பழக்குவது

புதுக் கிளட்ச்சோடு நேராக ட்ராக்குக்குப் போகக் கூடாது. 500 முதல் 800 கிலோமீட்டர் டவுனுக்குள், நின்று நின்று, நிதானமாக ஓட்டுங்கள். லைனிங்கும் ஃபிளைவீலும் ஒன்றோடொன்று முகம் பழகவேண்டும், அதற்குக் கியர் மாற்றங்கள்தான் தேவை. சேலம் வரை பைபாஸில் ஒரே கியரில் போய்வந்த தூரம் இந்தக் கணக்கில் சேராது. அந்தக் காலத்தில் முழு ஆக்ஸிலரேட்டர், வேகமான புறப்பாடு, மலை மூன்றும் வேண்டாம். ட்ராக் டே தேதி தெரிந்தால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் கிளட்ச்சை மாட்டிவிடுங்கள்.

ட்ராக்கிலும் மலையிலும்

பிட்டிலிருந்து புறப்படும்போது சாதாரணமாகவே புறப்படுங்கள். கியரை இறக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி இன்ஜின் வேகத்தைச் சமன் செய்து பெடலை விடப் பழகுங்கள். பிளேட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இதைவிட நீங்கள் செய்யக்கூடிய நல்லது கிடையாது. லேப் போடும்போது இடது கால் கிளட்ச் பெடல்மேல் இருக்கக் கூடாது, பக்கத்தில் உள்ள டெட் பெடலில் இருக்கவேண்டும். நெடி வந்தால் நிறுத்திவிடாமல், கியரில், கிளட்ச்சை முழுதாக விட்ட நிலையில் மெதுவாக ஒரு லேப் ஓட்டுங்கள். வழுக்காமல் சுற்றும்போதுதான் அது ஆறும்.

மலையில் ஹேண்ட் பிரேக். நின்றால் ஹேண்ட் பிரேக், பஸ் நகர்ந்தபின் புறப்படு. நான் வால்பாறையில் இந்த ஒரு பழக்கத்தை மாற்றியதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா வாங்கல்களையும்விட அதிகம் மிச்சம் செய்துகொடுத்தது.

இப்போது என் வண்டியில் இருப்பது வட்டம் முழுவதும் ஆர்கானிக் பிளேட், நடுவில் ஸ்பிரிங், கம்பெனி அளவைவிடக் கொஞ்சம் விசை கூடிய பிரஷர் பிளேட், கிரைண்டிங் செய்த கம்பெனி ஃபிளைவீல். அம்மா மறுபடியும் ஓட்டுகிறார். ஒவ்வொரு ட்ராக் டேக்குப் பிறகும் வண்டி ஆறியதும் பெடலின் லூஸை ஸ்கேல் வைத்து அளந்து டேஷ்போர்டில் உள்ள நோட்டில் எழுதிவைக்கிறேன். கேபிள் வண்டியில் லைனிங் தேயத் தேய அந்த லூஸ் குறையும், கேபிளைத் தளர்த்திவிடவேண்டும். போன ஞாயிறு அளந்ததில் 3 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. சனிக்கிழமை கணபதிக்குப் போய் மேஸ்திரியிடம் காட்டி, கேபிளை ஒரு சுற்று தளர்த்தவேண்டும்.